எழுதி எழுதிப் படித்தவர்

பெருந்துறையை அடுத்த விசயமங்கலம் கொங்குவேளிரின் ஊர் என்பர். அவர் இயற்றிய பெருங்கதை 1924ஆம் ஆண்டில்தான் அச்சேறியது. அதனைப் பதிப்பித்த டாக்டர் உ.வே.சாமிநாதையருக்குக் கிடைத்தது முதலும் முடிவும் இல்லாத ஒரே சுவடி. ஒப்புநோக்க வேறோர் ஏடு இல்லாத அந்நூலில் அவருக்குத் துணைநின்றது, அரைநூற்றாண்டாக எழுதிப் பழகிய கைதான் எனலாம்.

1855இல் சூரியமூலையில் பிறந்த அவர், 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணவரானார். பிள்ளையவர்கள் செய்யுளை மனத்திலேயே யாத்துச் சொல்வார். மாணவர் ஏட்டில் எழுதிக்கொண்டே வருவர். அப்பணி சாமிநாதையருக்கும் வாய்த்தது. ஒரு பாட்டு எவ்வாறு உருக்கொள்கிறது என்பதை அவர் இலக்கணநூலால் மட்டும் அறியவில்லை. எழுத்தாணி பிடித்த விரல்வழியும் அறிந்தார். 1876இல் ஆசிரியர் மறைந்தார்.

1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டு அக்டோபரில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தது அவர் வாழ்வின் திருப்பம். அந்தாதிகளும் புராணங்களும் கற்றிருந்தவரிடம் முதலியார் சிந்தாமணியைப் பற்றி வினவினார். அதனை அவர் கற்றிருக்கவில்லை.

அதன்பின் தொடங்கியது ஏடுகளோடு போராட்டம். ஏட்டில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கு வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கும். சீர்ப் பிரிப்பு இல்லை. செய்யுள் முடிந்து உரை தொடங்கும் இடமும் விளங்காது. இவ்வரிகளைக் காகிதத்தில் பெயர்த்தெழுதுவது வெறும் படியெடுத்தல் அன்று. ஒவ்வோர் எழுத்திலும் நின்று, இது எச்சொல் என முடிவுசெய்த பிறகே கை அடுத்த எழுத்திற்கு நகரமுடியும். கண் தாண்டிச் செல்லும் ஐயத்தைக் கை தாண்டவிடாது. (முதற்படியையே அச்சுக்கு அனுப்பிவிடும் இக்காலக் கவிஞர் எண்ணிப் பார்க்கத்தக்கது இது.) பாடவேறுபாடுகளைக் குறித்தார், அருஞ்சொற்களுக்கு அகராதி எழுதினார், விளங்காத சமயக் கருத்துகளைக் கும்பகோணத்துச் சைனரிடம் கேட்டறிந்தார். ஏழாண்டுகளுக்குப் பின், 1887இல், சீவகசிந்தாமணி வெளிவந்தது.

1889இல் பத்துப்பாட்டு. குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் சில பெயர்கள் ஏடுகளில் இல்லை. புலமை மிக்கவர் தாமே இட்டு நிரப்பியிருக்கக்கூடும். யாப்பு அவர்க்கு அரிதன்று. அவரோ அவ்வாறு செய்யாது ஏடு தேடி அலைந்தார். விடுபட்ட பெயர்கள் தருமபுர ஆதீனத்து ஏட்டில் கிடைத்தன. அவருடைய புலமையினும் பெரியது இவ்வடக்கமே.

சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அச்சாயின. பெருங்கதையைப் பதிப்பித்தபோது அவருக்கு அகவை எழுபதை நெருங்கியிருந்தது. சிதைந்த காப்பியத்தினுள் படிப்போர் வழிதவறாதிருக்க உதயணன் சரித்திரச் சுருக்கத்தையும் எழுதி உதவினார்.

1940இல் ஆனந்த விகடனில் தொடங்கிய என் சரித்திரம் முற்றுப்பெறுமுன், 1942 ஏப்ரல் 28 அன்று திருக்கழுக்குன்றத்தில் அவர் மறைந்தார். அவர் தேடிச் சேர்த்த ஏடுகளும் கையெழுத்துப் படிகளும், 1943இல் அவர் பெயரால் நிறுவப்பெற்று இன்று சென்னைப் பெசன்ட் நகரில் இயங்கும் நூல்நிலையத்தில் உள்ளன.