கெப்ளர் கண்ட நிலவுக் கனவு

பிறை கண்டு நோன்பு நோற்பதும், பிறை கண்டு பெருநாள் கொண்டாடுவதும் நம் வாழ்வோடு கலந்தவை. நிலவை நாம் அண்ணாந்து பார்க்கின்றோம். நிலவில் நின்று நம்மை நோக்கினால் இவ்வுலகம் எவ்வாறு தோன்றும் என்னும் வினாவை எழுப்பி, அதற்குக் கணக்கோடு விடையும் எழுதி வைத்தவர் ஜெர்மானிய வானியல் அறிஞர் யோகான்னஸ் கெப்ளர். கோள்களின் இயக்கம் பற்றிய அவருடைய மூன்று விதிகளை இயற்பியல் பயிலும் மாணவர் அனைவரும் அறிவர். அவர் ஒரு கதையாசிரியரும் ஆவார் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. அவர் எழுதிய கதையும் ஒன்றே ஒன்றுதான். அதனை எழுதத் தொடங்கியபோது அவர் கல்லூரி மாணவர். அச்சில் வெளிவந்தபோது அவர் உயிருடன் இல்லை. இடைப்பட்ட காலத்தில் அக்கதை தம் அன்னையின் உயிருக்கே உலை வைத்துவிட்டதோ என அவர் நெஞ்சம் நொந்த வரலாறு, விதிகளைப் பயிலும் மாணவர்க்குச் சொல்லப்படுவதில்லை.

நிலவில் மாந்தரைக் குடியேற்றிக் கதை புனைவது கெப்ளருக்கு முன்பே உண்டு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் சிரியாவின் யூப்ரடீஸ் ஆற்றங்கரை நகரான சமோசாட்டாவில் பிறந்த லூசியன், புயலில் சிக்கிய கப்பலொன்று நிலவைச் சென்றடைவதாக எழுதினார். அங்கே நிலவின் வேந்தனும் கதிரவனின் வேந்தனும் போர் புரிவர். வரலாற்றாசிரியர்களின் பொய்களை எள்ளி நகையாடுவதற்காகவே லூசியன் அதனைப் படைத்தார். நூலில் உள்ளவை யாவும் பொய்யே என்று முன்னுரையில் அவரே ஒப்புக்கொள்கிறார். அவருக்குச் சற்று முற்பட்ட புளூடார்க், நிலவின் முகத்தில் தெரியும் கறைகளைப் பற்றி ஓர் உரையாடல் நூல் எழுதி, அங்கே உயிர்கள் வாழ இயலுமா என்பதை ஆராய்ந்தார். கிரேக்கம் கற்பதற்காக லூசியனைப் படித்த கெப்ளர், பின்னாளில் புளூடார்க்கின் நூலை இலத்தீனில் மொழிபெயர்க்கவும் செய்தார். ஒருவரிடமிருந்து கதையும் மற்றவரிடமிருந்து ஆராய்ச்சியும் அவருக்கு வாய்த்தன எனலாம்.

1571ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள், தென்மேற்கு ஜெர்மனியின் வைல் டெர் ஸ்டாட் என்னும் சிற்றூரில் கெப்ளர் பிறந்தார். தந்தை ஹைன்ரிக் கூலிக்குப் போர் புரியும் வீரர். வீட்டில் தங்கியது சில காலமே. இறுதியாகப் போருக்குச் சென்றவர் திரும்பவே இல்லை. தாய் கதரீனா விடுதி நடத்தியவரின் மகள். மூலிகை மருந்துகளில் பழக்கமுள்ளவர். நாவடக்கம் அற்றவர் என்று பெயரெடுத்தவர். சிறுவயதில் கண்ட அம்மை நோய் கெப்ளரின் பார்வையை மங்கச் செய்தது. வானத்தை அளந்த அறிஞருக்கு விண்மீன்களைக் கூர்ந்து காணும் கண்கள் வாய்க்கவில்லை. ஆயினும் 1577இல் தோன்றிய வால்மீனைக் காட்டுவதற்காக ஆறு வயதுகூட நிரம்பாத அவரை ஒரு மேட்டிற்கு அழைத்துச் சென்றவர் அந்தத் தாய்தான். மகன் அதனை வாழ்நாளெல்லாம் மறக்கவில்லை.

உதவித்தொகை பெற்று 1589இல் டியூபிங்கன் பல்கலைக்கழகம் சேர்ந்த கெப்ளருக்கு ஆசிரியராக அமைந்தவர் மிக்கேல் மேஸ்ட்லின். பூமி சுழல்கிறது, அது கதிரவனைச் சுற்றியும் வருகிறது என்னும் கோப்பர்னிக்கஸின் கொள்கையை அவரிடமே மாணவர் கற்றார். அக்கொள்கைக்கு எதிரான வாதம் எளிமையானது: பூமி நகர்ந்தால் நமக்குத் தெரியாதா? இதற்கு இளைஞர் கெப்ளர் கண்ட மறுமொழி நுட்பமானது. நிலவு நகர்வதை நாம் கண்ணால் காண்கிறோம். ஆனால் நிலவில் ஒருவன் வாழ்ந்தால், தன் நிலம் அசையாது நிற்பதாகவும் வானமே தன்னைச் சுற்றுவதாகவும்தானே அவன் எண்ணுவான்? 1593இல் இக்கருத்தை வைத்து அவர் ஒரு சொற்போர்க் கட்டுரை எழுதினார். சொற்போருக்குத் தலைமை ஏற்க வேண்டிய பேராசிரியர் கோப்பர்னிக்கஸின் கொள்கையை வெறுத்தவர், அரங்கேற்றத்திற்கு இசையவில்லை. கட்டுரை பெட்டிக்குள் முடங்கியது.

1594இல் கிராட்ஸ் நகரில் கணித ஆசிரியர் பணி. 1600இல் சமயக் காரணத்தால் அங்கிருந்து வெளியேற்றம். பிராகு நகரில் டைக்கோ பிராகேயின் துணைவர். 1601இல் டைக்கோ மறைந்தபின் பேரரசர் இரண்டாம் ருடால்பின் அரசவைக் கணிதர். இவ்வளவும் ஏழாண்டுகளில் நிகழ்ந்தன. 1604இல் அவர் ஒளியியல் நூலொன்றை வெளியிட்டார். நம் கல்லூரி மலரில் இதனை மட்டும் சற்று நின்று சொல்லியாக வேண்டும். அந்நூலின் தலைப்பே, போலந்து நாட்டு வித்தெலோவின் நூலுக்கு ஒரு துணைநூல் என்னும் பொருளுடையது. வித்தெலோவுக்கு ஊற்றாக இருந்தவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைதம். அவருடைய பார்வையியல் நூலின் இலத்தீன் ஆக்கமும் வித்தெலோவின் நூலும் 1572இல் பேசல் நகரில் ஒரே தொகுப்பாக அச்சேறின. ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்று அல்ஹைதம் நிறுவிய இடத்திலிருந்து தொடங்கி, விழித்திரையில் தலைகீழ் உருவம் விழுகிறது என்னும் முடிவுக்குக் கெப்ளர் வந்து சேர்ந்தார். நிலவின் முகத்துக் கறை எத்தன்மையது என்பது பற்றித் தனி நூலே எழுதியவர் அல்ஹைதம். நிலவின் பள்ளங்களுள் ஒன்று இன்று அவர் பெயரையும் மற்றொன்று கெப்ளர் பெயரையும் தாங்கி நிற்கின்றன.

1609இல், கோள்கள் நீள்வட்டத்தில் இயங்குகின்றன என்று உலகுக்கு அறிவித்த அதே ஆண்டில், பெட்டியில் கிடந்த பழைய கட்டுரையைக் கெப்ளர் கதையாக்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் சோம்னியம்; இலத்தீனில் கனவு என்பது பொருள். பேராசிரியர் தடுத்ததைக் கனவு தடுக்காது அன்றோ!

கதை இதுவே. ஐஸ்லாந்துத் தீவில் துராகோட்டஸ் என்னும் சிறுவன்; அவன் தாய் பியோல்க்ஸ்ஹில்டே. தாய் மூலிகைகளைப் பறித்து, மந்திரம் சொல்லிச் சிறு பைகளில் இட்டு மாலுமிகளுக்கு விற்பாள். ஒருநாள் மகன் ஆவலால் ஒரு பையைக் கிழித்துவிடுகிறான். சினங்கொண்ட தாய் அவனையே கப்பல் தலைவனுக்குக் கொடுத்துவிடுகிறாள். அவன் டைக்கோவின் தீவை அடைந்து வானியல் கற்று, ஐந்தாண்டுகள் கழித்து ஊர் திரும்புகிறான். மனம் வருந்தியிருந்த தாய் மகிழ்ந்து, தனக்குத் தெரிந்த மறைபொருளை அவனுக்குக் காட்டுகிறாள். நாற்சந்திக்குச் சென்று அழைக்கிறாள். நிலவுலகைச் சேர்ந்த ஓர் ஆவி வந்து பேசுகிறது. நம்மவர் ஜின் என்பதற்கு ஒப்பான ஒன்று எனக் கொள்ளலாம்.

அந்த ஆவி நிலவை லெவானியா என்றழைக்கிறது. எபிரேய மொழியில் நிலவைக் குறிக்கும் சொல்லிலிருந்து கெப்ளர் ஆக்கிய பெயர் இது. வெண்மை என்பது அதன் வேர்ப்பொருள். அரபியில் பாலைக் குறிக்கும் லபன் என்னும் சொல்லும் அவ்வேரினதே. அங்குச் செல்லும் தொலைவு 50,000 ஜெர்மானிய மைல் என்கிறது ஆவி. ஒரு ஜெர்மானிய மைல் ஏறக்குறைய ஏழரை கிலோமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 3,75,000 கிலோமீட்டர் வரும். இன்றைய அளவீட்டின்படி சராசரித் தொலைவு 3,84,400 கிலோமீட்டர். மந்திரக் கதைக்குள் இத்தகைய கணக்கு!

பயணம் சந்திர கிரகணத்தின்போது மட்டுமே இயலும். பூமியின் நிழலே பாலம். நான்கு மணி நேரத்தில் சென்று சேர வேண்டும். புறப்படும் அதிர்ச்சியைத் தாங்க அபின் தருவர்; மேலே காற்று இராது என்பதால் ஈரப் பஞ்சினை மூக்கில் வைப்பர். பூமியின் ஈர்ப்பு குன்றியபின் உடல் தானே மிதந்து செல்லும். நியூட்டன் பிறப்பதற்கு முப்பதாண்டுகளுக்கும் மேலாக முன்னர் எழுதப்பட்டது இது. பருத்த உடலினரை ஆவிகள் ஏற்பதில்லை, ஜெர்மானியரையும் ஏற்பதில்லை. வற்றிய உடலுடைய கிழவியரே அவற்றுக்கு உகந்தவர். அவர்கள் இரவில் ஆட்டின்மீதும் கவைக்கோலின்மீதும் ஏறிப் பறந்து பழகியவர்கள் அன்றோ என்று நகையாடுகிறார் ஆசிரியர். இந்த ஒரு நகைச்சுவை எத்துணை விலை கேட்கும் என்பதை அப்போது அவர் எண்ணவில்லை.

லெவானியாவில் ஒரு பகல் நம்முடைய பதினான்கு நாள். ஓர் இரவும் அவ்வளவே. ஒரு பாதியிலிருந்து பார்த்தால் பூமி வானில் ஒரே இடத்தில் ஆணி அடித்ததுபோல் நிற்கும். நிலவு நமக்குத் தோன்றுவதைவிட விட்டத்தில் ஏறத்தாழ நான்கு மடங்கு பெரிதாய், வளர்ந்தும் தேய்ந்தும், தன் அச்சில் சுழன்றும் அது காட்சி தரும். சுழல்வதால் அதற்கு வோல்வா என்று பெயர். அதன்மேல் ஆப்பிரிக்கா தோள்வரை தெரியும் ஒரு தலையாகவும், ஐரோப்பா அதனை முத்தமிடக் குனியும் நீள் உடைச் சிறுமியாகவும் தோன்றும். மறுபாதியினரோ வோல்வாவை என்றுமே காணமாட்டார். அவர்களுடைய இரவு கொடுங்குளிர், பகல் கொடுவெப்பம். 1959இல் சோவியத் நாட்டின் லூனா 3 விண்கலம் படம் எடுத்து அனுப்பும்வரை மனிதர் எவரும் கண்டிராத அந்த மறுபுறத்தைக் கெப்ளர் ஊகத்தால் மட்டுமே வகுத்தார்.

உயிரினங்களையும் அந்த வெப்பத்திற்கும் குளிருக்கும் ஏற்பவே படைத்தார். அவை விரைந்து வளரும், பேருருக் கொள்ளும், விரைவில் மடியும். நிலையான ஊர் இல்லை. வற்றிச் செல்லும் நீரைத் தொடர்ந்து சில நெட்டைக் கால்களால் நடக்கும், சில பறக்கும், சில படகில் செல்லும். பகல் வெயிலில் காய்ந்து உயிரற்றுக் கிடப்பவை மாலையில் உயிர் பெறுவதும் உண்டு. லூசியனின் நிலவு மாந்தர் நம்மைப் போன்றவரே. வேடம் மட்டும் வேறு. கெப்ளரின் உயிரினங்களோ அந்நிலத்தின் மக்கள். சூழலுக்கேற்ற உயிர் என்னும் இவ்வெண்ணமே இந்நூலின் தலையாய சிறப்பு என்பது என் கருத்து.

1611இல் இக்கதையின் கையெழுத்துப் படியொன்று பிராகிலிருந்து லைப்சிக் வழியாக டியூபிங்கனை அடைந்தது. முடிதிருத்தும் கடைகளில்கூட அதனைப் பற்றிப் பேசினர் என்று கெப்ளர் பின்னர் குறித்திருக்கிறார். டைக்கோவிடம் பயின்ற மகன்; மூலிகை விற்கும் தாய்; ஆவியோடு அவள் உறவு. ஊராருக்கு வேறென்ன வேண்டும்?

1615இல் லெயோன்பெர்க் நகரில், கண்ணாடி வேலை செய்பவர் ஒருவரின் மனைவி உர்சுலா ரைன்போல்டு, கதரீனா தந்த பானத்தைப் பருகியதால்தான் தமக்கு நோய் வந்தது என்று குற்றஞ்சாட்டினார். கதரீனா அவதூறு வழக்குத் தொடுத்தார். அதன்பின் பழிகள் பெருகின. வழியில் எதிர்ப்பட்ட சிறுமிக்குக் கை வலித்தது. எவருடைய மாடோ இறந்தது. எல்லாவற்றுக்கும் அவரே காரணம் என்றனர். 1620 ஆகஸ்டு 7ஆம் நாள் இரவில், மகள் வீட்டிலிருந்த அந்த மூதாட்டியைத் துணிப்பெட்டிக்குள் வைத்துத் தூக்கிச் சென்றனர். எழுபது வயதைக் கடந்தவரைச் சங்கிலியால் பிணைத்து, இரு காவலரையும் வைத்தனர். சூனியக்காரி என முடிவானால் தீயிலிடுவது அந்நாளைய வழக்கம்.

லின்ஸ் நகரில் வாழ்ந்த கெப்ளர் பணிகளை விட்டு ஓடிவந்தார். உடன்பிறந்தாருள் ஒருவர் ஒதுங்கிக்கொண்டார், இவர் ஒதுங்கவில்லை. நீண்டதொரு எதிர்வாதத்தைச் சட்ட அறிஞர் துணையோடு ஆக்கினார். ஒவ்வொரு நோய்க்கும் இயல்பான காரணம் உண்டென்று காட்டினார். கோளின் பாதையை ஆராய்ந்த அதே முறை இங்கும் பயன்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் மகனாகிய கணிதருடன் வந்திருக்கிறார் என்பதை நீதிமன்ற எழுத்தர் வருத்தத்தோடு பதிந்திருப்பது சிரிப்புக்குரியது. 1621 செப்டம்பர் 28ஆம் நாள் கதரீனாவிடம் வதைக் கருவிகளைக் காட்டி அச்சுறுத்தினர். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ள அவர் மறுத்துவிட்டார். பதினான்கு மாதச் சிறைக்குப்பின் விடுதலை. அடுத்த ஏப்ரலில் மரணம்.

வழக்கிற்கு வேர் அண்டை அயலார் பகைதான். கதைக்கு அதில் பங்கிருந்தது என்பதற்குச் சான்றில்லை என்று வழக்கின் ஏடுகளை ஆராய்ந்தோர் கூறுவர். அது பொருந்தும் என்றே தோன்றுகிறது. எனினும் கெப்ளர் அவ்வாறு ஆறுதல் கொள்ளவில்லை. தம் எழுதுகோலே தாய்க்குத் தீங்கு இழைத்தது என்று நம்பினார். ஆயினும் நூலை எரித்துவிடவுமில்லை. 1620 முதல் 1630 வரை பத்தாண்டுகள் அதற்கு 223 குறிப்புகள் எழுதினார். குறிப்புகள் கதையைவிடப் பன்மடங்கு நீண்டன. ஆவியை அழைக்கும் மந்திரத்தில் 21 எழுத்துகள் என்று கதையில் வரும். அவை கோப்பர்னிக்கஸின் வானியல் என்பதை இலத்தீனில் எழுதினால் வரும் எழுத்துகள் என விளக்கினார். ஆவி என்பது வானியல் அறிவே, மகன் அறிவியல், தாய் கல்லாமை. அந்தத் தாய் உயிரோடு இருக்கும்வரை மகன் உண்மையை வெளியிடுவது ஆபத்து என்பதால்தான் கதையில் அவள் இறந்தபின் அவன் எழுதுகிறான் என்றார். கதையில் 1609இலேயே தாய் இறந்துவிடுகிறாள். உண்மைத் தாய் 1622இல் இறந்தபின் அவ்வரிக்கு விளக்கம் எழுதிய மகனின் கை எப்படி இருந்திருக்கும்?

பின்வந்தோர் பலர் அவர் வழியைத் தொடர்ந்தனர். 1638இல் காட்வின் என்னும் ஆங்கிலேயப் பேராயர் அன்னங்களைப் பூட்டிய ஊர்தியில் தம் கதைத் தலைவனை நிலவுக்கு அனுப்பினார். 1865இல் ஜூல்ஸ் வெர்ன் பீரங்கியால் ஏவினார். 1901இல் வெல்ஸ் படைத்த நிலவுப் பயணி, கெப்ளரின் லெவானிய மாந்தரை நினைவுகூர்கிறார்.

1630இல் சாகான் நகரில் கெப்ளர் நூலை அச்சிடத் தொடங்கினார். தமக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்டு ரேகன்ஸ்பர்க் சென்றவர், நவம்பர் 15ஆம் நாள் அங்கேயே காய்ச்சலில் உயிர் நீத்தார். முப்பதாண்டுப் போரில் அவர் கல்லறையும் அழிந்தது. மருமகன் பார்ட்ச் அச்சுப் பணியைத் தொடர்ந்தார். 1633இல் அவரும் மாண்டார். மனைவி சுசன்னா வறுமையில் மக்களோடு நின்றார். மருத்துவம் கற்ற மகன் லுட்விக், இந்நூலைத் தொட்ட இருவரும் மாண்டதால் மூன்றாமவர் தாமோ என்று அஞ்சினார். அஞ்சியவாறே 1634இல் பிராங்க்பர்ட்டில் அதனை வெளியிட்டார்.