பாடம் 12: சுரங்கப்பாதைக்குப் பெயர் கொடுத்தவர்

பிள்ளைகளே, புரோசார்ட்டில் இருந்து மொன்றியலுக்கு எந்த வழியால் போவீர்கள்? அநேகமாகச் சம்பிளேன் பாலத்தால் போவீர்கள். ஆனால் ஆற்றோரமாகக் கொஞ்சத் தூரம் வடகிழக்கே போனால், பூஷேர்வில் என்ற ஊருக்குக் கிட்ட ஒரு சுரங்கப்பாதை இருக்கு. கார்கள் ஆற்றுக்குக் கீழே போய் அந்தக் கரையில் ஏறும். அதன் பெயர் லூயி-இப்பொலித் லா ஃபொன்டேன் சுரங்கப்பாதை. அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். அவர் யார் என்று எப்பவாவது யோசித்தீர்களா?

லா ஃபொன்டேன் 1807ஆம் ஆண்டு அந்தப் பூஷேர்வில் ஊரில்தான் பிறந்தார். அப்பா ஒரு தச்சர். மகன் மொன்றியலில் படித்துச் சட்டத்தரணியானார். 1830இல், இளம் வயதிலேயே, தெரெபொன் தொகுதி மக்கள் அவரைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள்.

அந்த நாளில் கியூபெக்குக்குப் பெயர் கீழ்க் கனடா. மக்கள் சட்டசபை உறுப்பினர்களைத் தெரிவு செய்யலாம். ஆனால் ஆட்சி செய்தவர் லண்டனில் இருந்து வந்த ஆளுநர். தனக்கு ஆலோசனை சொல்பவர்களை அவரே தன் விருப்பப்படி வைத்துக்கொள்வார். சட்டசபையில் பெரும்பான்மையானவர்கள் வேண்டாம் என்று சொன்னாலும் அவர்களை அசைக்க முடியாது. அப்படியென்றால் வாக்குப் போட்டு என்ன பயன்? மக்களின் கோபம் இதுதான்.

1837இல் அந்தக் கோபம் கலகமாக வெடித்தது. லா ஃபொன்டேனும் மாற்றம் வேண்டும் என்றவர்தான். ஆனால் துப்பாக்கி தூக்க அவருக்கு விருப்பமில்லை. சட்டசபையைக் கூட்டும்படி ஆளுநரிடம் கேட்டுப் பார்த்தார். அது நடக்கவில்லை. 1838இல் அவரையும் பிடித்துச் சிறையில் போட்டார்கள். பிறகு, வழக்கு விசாரணை இல்லாமலே வெளியே விட்டார்கள்.

1841இல் கீழ்க் கனடாவும் மேல்க் கனடாவும் ஒன்றாக்கப்பட்டன. மேல்க் கனடா என்பது இன்றைய ஒன்ராறியோ. கீழ்க் கனடாவில்தான் ஆட்கள் கூட. ஆனாலும் இரண்டு பக்கத்துக்கும் ஆளுக்கு 42 இடங்கள். பாராளுமன்றப் பதிவுகள் எல்லாம் ஆங்கிலத்தில் மட்டும் இருக்க வேண்டும் என்றும் சட்டம் வந்தது. தன் மொழிக்கு இடமில்லை என்றால் எப்படி இருக்கும் என்று உங்கள் அம்மம்மா, தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். இலங்கையில் 1956இல் சிங்களம் மட்டும் அரச மொழி என்று சட்டம் வந்த கதையைச் சொல்லுவார்கள்.

சிலர் இந்தப் புதிய பாராளுமன்றமே வேண்டாம் என்றார்கள். லா ஃபொன்டேன் வேறு விதமாகக் கணக்குப் பார்த்தார். பிரெஞ்சுக்காரர் தனியாக நின்றால் பெரும்பான்மை கிடைக்காது. ஆனால் மேல்க் கனடாவில் ஆங்கிலம் கதைக்கிற ரொபேர்ட் போல்ட்வின் என்பவரும் அவருடைய ஆட்களும் இதே மாற்றத்தைத்தான் கேட்டார்கள். இரண்டு பகுதியும் சேர்ந்தால்?

அந்த வருடத் தேர்தலில் லா ஃபொன்டேன் தெரெபொன்னில் நின்றார். அப்போது எல்லார் முன்னாலும் வாயால் சொல்லித்தான் வாக்களிப்பார்கள். எதிர்த்தரப்பு ஆட்கள் தடிகளோடு வந்து வாக்களிக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மோதினால் உயிர் போகும். அவர் தன் ஆட்களை அழைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். தேர்தலிலும் தோற்றார்.

பிறகு என்ன நடந்தது தெரியுமோ? போல்ட்வின் இரண்டு தொகுதிகளில் வென்றிருந்தார். ரொறன்ரோவுக்குப் பக்கத்திலுள்ள யோர்க் தொகுதியை லா ஃபொன்டேனுக்கு விட்டுக்கொடுத்தார். அங்கிருந்த ஆங்கிலேய விவசாயிகள், தங்கள் மொழியும் சமயமும் இல்லாத ஒருவருக்கு வாக்களித்து அவரை வெல்ல வைத்தார்கள். அடுத்த வருடம் போல்ட்வின் தன் தொகுதியில் தோற்றபோது, கியூபெக்கின் ரிமுஸ்கி மக்கள் அவரைத் தெரிவு செய்தார்கள். கடன் தீர்ந்தது!

1842இல் கிங்ஸ்ரன் நகரில் பாராளுமன்றம் கூடியது. லா ஃபொன்டேன் பிரெஞ்சில் பேசத் தொடங்கினார். ஆங்கிலத்தில் பேசும்படி ஒருவர் கேட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியும். ஆனாலும், தன் முதல் பேச்சைத் தாய்மொழியில்தான் பேசுவேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டு, பிரெஞ்சிலேயே பேசி முடித்தார்.

1848 தேர்தலில் நண்பர்கள் இருவரின் பக்கமும் வென்றது. எல்ஜின் என்ற ஆளுநர் லா ஃபொன்டேனை அழைத்து அரசாங்கம் அமைக்கச் சொன்னார். மக்கள் தெரிவு செய்த சபையின் நம்பிக்கை இருந்தால் அமைச்சர்கள் இருக்கலாம். இல்லையென்றால் போக வேண்டும். இதற்குப் பெயர் பொறுப்பாட்சி. கனடாவில் இன்றைக்கும் இந்த முறைதான். பக்கத்து நாடான அமெரிக்காவில் முறை வேறு. அங்கே ஜனாதிபதிக்குத் தனியாகத் தேர்தல். காங்கிரஸ் சபையில் ஒரு வாக்கெடுப்பில் தோற்றார் என்பதற்காக அவர் பதவி விலகத் தேவையில்லை.

அடுத்த வருடமே சோதனை வந்தது. கலகத்தில் வீடு வாசல் இழந்த கீழ்க் கனடா மக்களுக்கு நட்டஈடு கொடுக்கச் சபை சட்டம் இயற்றியது. கலகக்காரருக்கும் காசா என்று பலர் கொதித்தார்கள். பெரும்பான்மை நிறைவேற்றிய சட்டம் என்றபடியால் ஆளுநர் கையெழுத்திட்டார். 1849 ஏப்ரல் 25 இரவு, மொன்றியலில் இருந்த பாராளுமன்றத்துக்கு ஒரு கூட்டம் தீ வைத்தது. ஆயிரக்கணக்கான புத்தகங்கள் எரிந்தன. யாழ்ப்பாண நூலகத்தின் கதை தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வலி விளங்கும். லா ஃபொன்டேனின் வீட்டையும் தாக்கினார்கள். ஆனாலும் அவர் அரசாங்கம் பணியவில்லை. சட்டம் சட்டமாகவே நின்றது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கீழ்க் கனடாவில் சொத்துள்ள சில பெண்கள் முன்பு வாக்களித்தார்கள். 1849இல் இதே அரசாங்கம்தான் அதைச் சட்டத்தால் நிறுத்தியது. கியூபெக் மாகாணத் தேர்தலில் வாக்களிக்கப் பெண்கள் 1940 வரை காத்திருந்தார்கள். உரிமைக்காகப் போராடியவரும் மற்றவரின் உரிமையை மறந்துபோகலாம், இல்லையோ?

லா ஃபொன்டேன் 1851இல் அரசியலை விட்டார். பிறகு தலைமை நீதிபதியானார். 1864இல் மொன்றியலில் காலமானார். ஒட்டாவாவுக்குப் போனால் பாராளுமன்றக் குன்றில் பாருங்கள். அவரும் போல்ட்வினும் ஒரே பீடத்தில் சிலையாக நிற்கிறார்கள்.

யோசித்துச் சொல்லுங்கள்

1. தெரெபொன்னில் லா ஃபொன்டேன் திரும்பிப் போனது சரியா? நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்?
2. ஆங்கிலம் தெரிந்தும் அவர் ஏன் பிரெஞ்சில் பேசினார்?
3. உங்கள் வகுப்பில் பொறுப்பாட்சி நடந்தால் வகுப்புத் தலைவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?