பிளேஸ் பாஸ்கல்

பிரான்சு நாட்டின் கிளேர்மோன் நகரில் 1623 ஜூன் 19 அன்று பிறந்தவர் பிளேஸ் பாஸ்கல். மூன்று வயதில் தாயை இழந்த அவரையும், அக்காள் ஜில்பெர்த்தையும், தங்கை ஜாக்லினையும் தந்தை எத்தியேன் தாமே கல்வி புகட்டி வளர்த்தார்.

அரசு கடன்பத்திர வட்டியைக் குறைத்ததை எதிர்த்த தந்தை தலைமறைவாக நேர்ந்தது. 1639-இல் 13 வயது ஜாக்லின் கர்தினால் ரிஷ்லியூ முன்னிலையில் நாடகம் நடித்து, தந்தைக்கு மன்னிப்பு வேண்டிப் பெற்றாள். நம் வயதுப் பெண்தான்! பின்னர் அவருக்கு ரூவான் நகரில் வரிவிதிப்புப் பணி கிடைத்தது.

வரிக்கணக்கோ முடிவின்றி நீண்டது. 12 தெனியே ஒரு சோல்; 20 சோல் ஒரு லீவர். (நம் நாட்டிலும் 1957 வரை 16 அணாதான் ஒரு ரூபாய். அக்கணக்கின் தொல்லையைப் பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள்.) தந்தையின் களைப்பைக் காணப் பொறாத மகன் 1642-இல் கூட்டல் இயந்திரம் ஒன்றைச் செய்யத் தொடங்கினார். ஏறக்குறைய 50 மாதிரிகளுக்குப் பின் 1645-இல் அது நிறைவுற்றது. தெனியேக்கு 12 படிகள், சோலுக்கு 20, லீவருக்குப் பத்துப் பத்தாக எனத் தனித்தனிச் சக்கரங்கள். ஒன்று முழுச்சுற்று வந்தால் அடுத்தது தானே ஒரு படி நகரும். காசு வேறு, வெறும் எண் வேறு என்பதை இயந்திரத்துக்கே கற்பித்துவிட்டார்! விலை அதிகமானதால் விற்பனை மட்டும் குறைவு.

1970-இல் நிக்லாஸ் விர்த் தாம் படைத்த கணினி மொழிக்குப் பாஸ்கலின் பெயரைச் சூட்டினார். அதில் ஒவ்வொரு தரவும் முழு எண்ணா, தசம எண்ணா, எழுத்தா, மெய்-பொய்யா என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். கணக்கு மென்பொருளில் பணத்தைச் சாதாரணத் தசம வகையில் வைப்பது ஆபத்து. கணினி இரண்டின் அடுக்குகளால் எண்ணுவதால், 10 காசை, அதாவது 0.10 ரூபாயை, அவ்வகையில் துல்லியமாக எழுதவே இயலாது. ஆயிரக்கணக்கான பதிவுகளைக் கூட்டும்போது காசு பிசகக்கூடும். அம்மொழியின் வழிவந்த டெல்பியில் பணத்துக்கென்றே கரன்சி என்னும் வகை உண்டு. வெளியே 4 தசம இடங்கள். உள்ளே பத்தாயிரம் மடங்காக்கிய முழு எண். பாஸ்கலின் சக்கரத்தைப் போல, அதுவும் படிப்படியாகவே நகரும்.

1651-இல் தந்தை மறைந்தார். அண்ணன் தடுத்தும் கேளாமல், ஜாக்லின் 1652-இல் போர் ராயல் கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். 1654 நவம்பர் 23 இரவு பாஸ்கலுக்கும் ஆழ்ந்த இறையனுபவம் வாய்த்தது. அதன்பின் ஜெபமும் ஏழைகளுமே அவர் வாழ்வாயின. 1662-இல் பாரிசில் ஐந்து சோல் கட்டணத்தில் பொதுக் குதிரை வண்டிகளைத் தொடங்கிவைத்து, தம் பங்கு வருவாயை ஏழைகளுக்கு ஒதுக்க விரும்பினார். அவ்வாண்டு ஆகஸ்டு 19 அன்று, 39-ஆம் வயதில், இறைவனடி சேர்ந்தார்.

அந்த நவம்பர் இரவைப் பற்றி அவர் எழுதிய தாள், அவரது அங்கியின் உட்புறத்தில் தைக்கப்பட்டிருந்ததை இறப்புக்குப் பின்னரே பணியாள் கண்டெடுத்தான்.