பாரிஸ் கண்ட இமாம்

எழுத்தாளரையும் பயணிகளையும் தன்பால் ஈர்த்த ஐரோப்பிய நகரங்களுள் பாரிஸ் தலையாயது. அதன் அழகில் தம்மை மறந்தோர் பலர். அதனை வெறுத்து ஒதுக்கினோர் சிலர். இவ்விரு சாராருள்ளும் சேராமல், அங்குக் கண்ட நல்லனவற்றைத் தேர்ந்து தம் தாய்மொழியில் தம் மக்களுக்கு அளித்தவர் எகிப்து நாட்டு அறிஞர் ரிஃபாஆ தஹ்தாவி அவர்கள்.

மேல் எகிப்தின் தஹ்தா எனும் ஊரில் 1801ஆம் ஆண்டு அவர் பிறந்தார். மார்க்கக் கல்வியில் தழைத்த குடும்பம் அது. எனினும் ஆட்சியாளர் முஹம்மது அலி பாஷா நிலவரி முறையை மாற்றியமைத்தபோது அதன் செல்வம் கரைந்தது. 1817இல் கெய்ரோ சென்று அல்அஸ்ஹரில் சேர்ந்த இளைஞருக்கு ஷைகு ஹசன் அத்தார் ஆசிரியராக வாய்த்தார். 1798இல் நெப்போலியன் படையுடன் எகிப்துக்கு வந்த பிரெஞ்சு அறிஞர்களோடு பழகி, அவர்தம் கலைகளின் உயர்வை உணர்ந்தவர் அத்தார். அந்த வேட்கையை மாணவர் உள்ளத்திலும் விதைத்தார்.

1826இல் நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவரைப் பாஷா பாரிசுக்கு அனுப்பினார். அவர்களுக்குத் தொழுகை நடத்தும் இமாம்களுள் ஒருவராக, அத்தாரின் பரிந்துரையால் தஹ்தாவியும் சென்றார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. காண்பனவற்றை எல்லாம் குறித்து வருமாறு ஆசிரியர் பணித்திருந்தார்.

மார்செய் துறைமுக நகரில் ஒரு காப்பிக் கடைக்குள் நுழைந்தவர், பெருங்கூட்டம் இருப்பதாக எண்ணி வியந்தார். தம் உருவமும் அக்கூட்டத்தில் தெரிந்த பின்னரே, சுவரெங்கும் கண்ணாடி பதித்திருப்பதை அறிந்தார். பாரிசிலும் அந்நிலையே. வியப்போடு நோக்கிய ஒவ்வொன்றிலும் தம் நாட்டின் நிலையையும் அவர் கண்டார். நூலகங்களும் மருத்துவமனைகளும் செய்தித்தாள்களும் அவரைக் கவர்ந்தன. அறிஞர் எனும் சொல் அங்குச் சமயவாணரை மட்டும் குறிக்கவில்லை என்பது அவருக்குப் புதுமையாக இருந்தது. அதே வேளையில், அறிவு ஒன்றையே நம்பி இறைநெறியைப் புறக்கணித்தோரைக் கண்டு வருந்தவும் செய்தார்.

கற்பது அவருக்கு விதிக்கப்பட்ட கடமையன்று. ஆயினும் தம் சொந்தப் பணத்தில் நூல்கள் வாங்கிப் பிரெஞ்சு மொழியைக் கற்றார். இரவில் விளக்கொளியில் படித்துப் படித்து இடக்கண் நலிந்தது. மருத்துவர் தடுத்தும் அவர் விடவில்லை. மொந்தெஸ்கியு, வோல்தேர், ரூசோ ஆகியோரின் எழுத்துகளைப் பயின்றார். 1830 ஜூலையில் பாரிஸ் மக்கள் கிளர்ந்தெழுந்து மன்னர் பத்தாம் சார்லசின் ஆட்சியை வீழ்த்தியபோது அந்நகரில் இருந்தார்.

1831இல் தாயகம் திரும்பிய அவரது பயண நூல் 1834இல் கெய்ரோவின் புலாக் அச்சகத்தில் வெளிவந்தது. பாரிசைப் பற்றிய சுருக்கத்தில் பொன்னைப் புடமிட்டெடுத்தல் என்பது அதன் தலைப்பின் கருத்து. மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய பிரெஞ்சு அரசியல் சாசனத்தை அந்நூலில் அரபியாக்கி விளக்கவும் செய்தார். வரம்பற்ற அதிகாரம் படைத்த பாஷாவின் ஆட்சியில் இதனைச் செய்தது எளிய துணிவன்று. நாடக அரங்கைக் குறிக்கத் தக்க அரபிச் சொல் கிட்டாதபோது பிரெஞ்சுச் சொல்லையே அரபி எழுத்தில் எழுதி, நிழற்பாவைக் கூத்தோடு ஒப்பிட்டுப் புரியவைத்தார்.

1835இல் அவர் முயற்சியால் மொழிகளுக்கான கல்விக்கூடம் கெய்ரோவில் தோன்றியது. சட்டம், வரலாறு, நிலவியல் எனப் பல துறை நூல்கள் அங்குப் பயின்றோரால் அரபியில் வந்தன. ஆனால் பின்னர் ஆட்சிக்கு வந்த அப்பாஸ் அக்கூடத்தை மூடி, 1850இல் அவரைச் சூடானின் கார்த்தூமுக்கு அனுப்பினார். ஒரு தொடக்கப் பள்ளியை நடத்துமாறு பணித்த அது, பெயரளவில் பதவி. உண்மையில் நாடு கடத்தலே. உடன் சென்ற ஆசிரியருள் பலர் அங்கேயே மாண்டனர். மனம் தளராத தஹ்தாவியோ, நல்லாட்சியின் இலக்கணத்தை இளவரசன் ஒருவனுக்குப் புகட்டும் ஃபெனெலோனின் பிரெஞ்சுக் கதையை அங்கிருந்தே மொழிபெயர்த்தார். அது 1867இல் பெய்ரூத்தில் அச்சேறியது.

அப்பாஸின் மறைவுக்குப் பின் 1854இல் கெய்ரோ மீண்டார். ஆண்மக்களைப் போன்றே பெண்மக்களும் கல்வி பெறவேண்டும் என்பதை வலியுறுத்தி இறுதிக் காலத்தில் ஒரு நூல் இயற்றினார். 1873இல் மறைந்தார்.

பாரிசில் அவர் வாழ்ந்தது ஏறத்தாழ ஐந்தே ஆண்டுகள். அங்குப் பெற்றதைத் தம் மொழிக்கு ஆக்கியதோ நாற்பது ஆண்டுப் பணி. ஒரு மாநகரின் ஈர்ப்பு நம்மை எங்கே கொண்டு சேர்க்கிறது என்பது, அங்கிருந்து நாம் எதைச் சுமந்து திரும்புகிறோம் என்பதைப் பொறுத்தது. அயல்மொழி பயிலும் மாணவச் செல்வங்கள், அல்அஸ்ஹரின் அந்த ஏழை மாணவரை நினைவில் கொள்வார்களாக!