ஒலிம்பிக்கின் தந்தை

கல்லூரித் திடலில் 800 மீட்டர் ஓடிப் பழகும் மாணவி நான். ஆகவே, பியர் தெ குபெர்த்தேன் என்னும் பெருமகனாரைப் பற்றி எழுதப் புகும்போது, அவர்பால் எனக்கு நன்றியும் உண்டு. ஒரு வழக்கும் உண்டு.

1863ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், பாரிசு மாநகரில் உயர்குடியில் பிறந்தவர் அவர். அவருடைய எட்டாம் வயதில் பிரான்சு பிரஷ்யாவிடம் தோற்றது. வளர்ந்தபின், நாட்டை நிமிர்த்த வல்லது கல்வியே என்று அவர் துணிந்தார். இங்கிலாந்து சென்று, ரக்பி பள்ளியில் படிப்பும் விளையாட்டும் இணைந்து நிற்பதைக் கண்டு வியந்தார்.

பண்டைக் கிரேக்கரின் ஒலிம்பிக்கை மீண்டும் நடத்தலாம் என்று 1892இல் அவர் பாரிசில் சொன்னபோது அதை ஏற்பார் இல்லை. ஆயினும் மனந்தளராமல் மாநாடு கூட்டினார். 1894 சூன் 23 அன்று சர்வதேச ஒலிம்பிக் சங்கம் பிறந்தது. முதல் தலைவர் கிரேக்க நாட்டு விகேலாஸ். 1896இல் ஏதென்சில் முதற்போட்டி நடந்தேறியது. பின்னர் 1925 வரை குபெர்த்தேனே தலைவர். ஐந்து வளையச் சின்னத்தை 1913இல் வரைந்தவரும் அவரே. உலகப் போரின் நடுவே, 1915இல், சங்கத்தின் தலைமையகத்தைச் சுவிட்சர்லாந்தின் லோசான் நகருக்கு மாற்றிக் காத்தார். தம் செல்வத்தையும் இப்பணியிலே கரைத்தார்.

இனி என் வழக்கு. பெண்கள் ஒலிம்பிக்கில் போட்டியிடுவதை அவர் விரும்பவில்லை. 1896இல் ஒரு பெண்ணும் கலந்துகொள்ளவில்லை. தடகளத்தில் பெண்களுக்கு இடம் கிடைத்தது, அவர் பதவி விலகிய பின், 1928இல்தான். அப்போதும் 800 மீட்டர் ஓட்டம் பெண்ணுடலுக்கு ஆகாது என்று கூறி நிறுத்திவிட்டார்கள். அது திரும்பி வர 1960 வரை காத்திருக்க நேர்ந்தது. எத்தனை பேருடைய கால்கள் அந்த ஆண்டுகளில் ஓடாமலே ஓய்ந்தனவோ!

1937 செப்டம்பர் 2 அன்று ஜெனீவாவில் அவர் மறைந்தார். உடல் லோசானில் அடக்கம் செய்யப்பட்டது. இதயம் மட்டும், அவர் விருப்பப்படி, ஒலிம்பியா மண்ணில் வைக்கப்பட்டது.

2024இல், அவர் பிறந்த அதே பாரிசில், ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிபாதி இடங்கள் ஒதுக்கப்பட்டன. 2025 சூன் 23 அன்று, சங்கம் பிறந்த அதே நாளில், ஜிம்பாப்வே நாட்டு நீச்சல் வீராங்கனை கிர்ஸ்டி கவன்ட்ரி அதன் தலைவராகப் பொறுப்பேற்றார். முதல் பெண் தலைவர் அவர்.

குபெர்த்தேன் இதை எண்ணியிருக்கமாட்டார். எனினும், தம் காலத்தோடு முடிந்துவிடாத ஒரு சங்கத்தை நிறுவிச் சென்றார். அதனால்தான் அவர் மூடிய வழியையும் பின்வந்தோர் திறக்க முடிந்தது. அவருடைய குறையை மறைக்காமலே அவரை வணங்கலாம் என்பது என் தீர்ப்பு. தோழியரே, நீங்களும் மாலையில் திடலுக்கு வாருங்கள்!