பனிமலையில் மறைந்த விமானி

1926 ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தவர் ஜெசி பிரவுண். நிற ஒதுக்கலைத் தாங்கிப் படித்து, 1948 இல் அமெரிக்கக் கடற்படையின் விமானிப் பயிற்சியை நிறைவு செய்த முதல் கறுப்பினத்தவரானார்.

கொரியப் போரில், 1950 டிசம்பர் 4 அன்று, சுற்றிவளைக்கப்பட்ட தரைப்படையினருக்கு உதவப் பறந்தபோது அவரது விமானம் சுடப்பட்டுப் பனிமலையில் விழுந்தது. சிதைவில் அவரது கால் சிக்கிக்கொண்டது. உடன் பறந்த வெள்ளையரான தாமஸ் ஹட்னர், தம் விமானத்தையும் வேண்டுமென்றே அருகில் மோதி இறக்கி, அவரை விடுவிக்கப் போராடினார், இயலவில்லை. மனைவி டெய்சியை நினைத்தபடியே, 24 வயதில் பிரவுண் உயிர்நீத்தார்.

நண்பரின் உடலைத் தேடி 2013 இல், தமது 88 ஆவது வயதில், ஹட்னர் வட கொரியா சென்றார்; மழை வெள்ளத்தால் வெறுங்கையுடன் திரும்பினார்.

நிறம் பாராத இந்த நட்பை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லி வைப்போம்.