தாமஸ் ஜெபர்ஸனும் ஹாப்ஸ் கொடியும்

அரசியலிற் பெரும்புகழ் எய்தினாருடைய வரலாற்றை எழுதப் புகுவோர், அவர்தம் ஆட்சிச் செயல்களையே விரித்துரைத்தல் வழக்கம். ஒருவருடைய வாழ்க்கையை அறிதற்கு அவருடைய வீட்டுத் தோட்டமும் துணைசெய்யும் என்பது எம் கருத்து. ஆதலின், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மூன்றாம் தலைவராய் விளங்கிய தாமஸ் ஜெபர்ஸனுடைய வரலாற்றை அவ்வழியே ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1743-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் வர்ஜீனியாவில் ஷாட்வெல் என்னும் இடத்திற் பிறந்தார். வில்லியம் மேரி கல்லூரியிற் பயின்று, பின்னர்ச் சட்டமுங் கற்றார். 1776-இல் வெளிவந்த சுதந்தரப் பிரகடனத்தை வரைந்தவர் இவரே. மாந்தர் யாவரும் சமமாகவே படைக்கப்பட்டனர் என்னுங் கொள்கை அதனால் உலகறிந்ததாயிற்று. 1801 முதல் 1809 வரை நாட்டின் தலைமை பூண்டார்.

இத்துணை அலுவல்களுக்கிடையேயும் இவர் மனம் மாண்டிசெல்லோ மலைமேலிருந்த தம் இல்லத்தையே நாடி நின்றது. ஆங்கு மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்து, 1,000 அடி நீளமுள்ள காய்கறித் தோட்டம் ஒன்று அமைத்தார். விதைத்த நாள், காய்த்த நாள் முதலியவற்றை 1766 முதல் 1824 வரை ஓர் ஏட்டிற் குறித்து வந்தார்.

அக்காலத்து வர்ஜீனிய இல்லங்களில் மென்மையான பீர் என்னும் பானத்தை வீட்டிலேயே காய்ச்சுவர். 1772-இல் இவரை மணந்த மார்த்தா அம்மையார் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 15 காலன் காய்ச்சி வந்தார். அப்பானம் கெடாதிருத்தற்கும் கைப்புச்சுவை பெறுதற்கும் ஹாப்ஸ் வேண்டும். ஹாப்ஸ் என்பது நெடுங்கழிகளைச் சுற்றிப் படரும் கொடி. குளிர்காலத்திற் கொடி மடிந்துபோகும். வேர்மட்டும் மண்ணுட் கிடந்து, வேனிற்றொடக்கத்தில் மீண்டுந் தளிர்க்கும். பெண்கொடியிற் கூம்பு வடிவாய்த் தொங்கும் பூங்கொத்துக்களின் மஞ்சட்பொடியே பயன் தருவது. கொத்துக்களைப் பறித்தவுடன் உலர்த்தாவிடிற் கெட்டுப்போகும். உலர்ந்தபின் எடை ஏறத்தாழ ஐந்திலொரு பங்காய்க் குறையும்.

இவ்வீட்டுக்கு ஹாப்ஸ் விற்றவர் யாவர்? அம்மலையிலே அடிமைகளாயிருந்த கறுப்பு மக்களே. தம் குடிசைகளையடுத்த சிறு தோட்டங்களில், பகலெல்லாம் எசமானுக்கு உழைத்தபின் இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாடுபட்டு, காய்கறி, கோழி, முட்டை முதலியவற்றை விளைத்துப் பெரிய வீட்டுக்கு விற்றனர். பாக்வெல் என்பார் ஜெபர்ஸனுக்கு 60 ராத்தல் ஹாப்ஸ் கொடுத்து 20 டாலர் பெற்றார். தம் உடலே தமக்கு உரியதன்று என்று சட்டங் கூறிய காலத்தில், தாம் வளர்த்த கொடியின் பயனுக்கு அவர் விலை பெற்றமை நோக்கத்தக்கது.

1813-இல் ஆங்கிலேயராகிய ஜோசப் மில்லர் ஆங்கு வந்து காய்ச்சுமுறையைக் கற்பித்தார். கற்றவர் பீட்டர் ஹெமிங்ஸ் என்னும் அடிமை. இவர் அறிவுக்கூர்மை மிக்கவரென்றும் பிறர்க்குக் கற்பிக்க வல்லவரென்றும் ஜெபர்ஸனே தம் நண்பர் மாடிசனுக்கு எழுதினார். எழுதியும் விடுதலை அளித்தாரல்லர். தம் வாழ்நாளில் அடிமைகளாய்க் கொண்டிருந்த 600-க்கு மேற்பட்டவருள், தாம் இருக்கும்போது இருவரையும், இறுதி விருப்ப ஆவணத்தால் ஐவரையுமே விடுவித்தார்.

1826-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவன்று, ஜெபர்ஸன் உயிர் நீத்தார். அவர் விட்டுச்சென்ற கடன் 1,00,000 டாலருக்கு மேற்பட்டது. அதனைத் தீர்த்தற்பொருட்டு 1827 ஜனவரியில் ஏறக்குறைய 130 அடிமைகள் ஏலத்துக்கு வந்தனர். பீட்டரை உறவினர் ஒருவர் 1 டாலருக்கு வாங்கினார். பின்னர் அவர் சார்லட்ஸ்வில் நகரில் தையற்றொழில் செய்து வாழ்ந்தார்.

ஜெபர்ஸனுடைய கல்வியும் நாட்டுப்பற்றும் போற்றத்தக்கனவே. எனினும் சமத்துவத்தை ஏட்டில் எழுதிய கை அதனைத் தம் முற்றத்தில் நடத்திக் காட்டவில்லை. கல்லூரியிற் பயிலும் நாம் உயர்ந்த கொள்கைகள் பலவற்றை நாடோறும் எழுதுகின்றோம். அவை நம் வீட்டு வாயிலளவேனும் வந்தனவா என்று நம்மை நாமே வினவிக்கொள்வோமாக.